மெதுவாக நடக்கப் பழகுதல்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் என் அக்கா தனம் தன் புருஷனுக்கு மெதுவாக நடக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. கரையில் வந்தவர்கள் எல்லோரும் காதில் பாட்டும் கையில் வாட்சுமாக நேற்றைவிட இன்று வேகமாகப் போய்விட வேண்டும் என்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாமா அப்பாதுரை மட்டும் அதற்கு நேர் எதிரான பயிற்சியில் இருந்தார். நாலடி வைப்பார். உடனே அக்கா பின்னாலிருந்து கத்துவாள்.

"ஏய்யா, உன்ன இன்னா சொன்னேன்? ஊர்கோலத்துல பொண்ணு நடக்கற மாதிரி நடன்னு சொன்னேனா இல்லியா? மறுபடியும் இடுப்ப ஆட்டிகினு போற."

"நான் ஆட்டல தனம். அதுவா ஆடுது."

"அதுவா ஆடுதாம். இத்தினி வயசுக்கு மேல இன்னா ஆட்டம் வேண்டிகீது?"

நான் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மறுபடி நாலடி வைத்தார். பிறகு தண்ணீரில் நாமக்கோழி நீந்துவதைப் பார்க்கிறவர்போலக் கரையோரம் நின்றுவிட்டார். நின்றார் என்றால் வெகுநேரம் நின்றார். "ஆங், இப்ப சரி. இப்டித்தான் நிக்கணும், பாக்கணும், அப்பால நடக்கணும்" என்று அக்கா சந்தோஷப்பட்டாள். எனக்கும் அது நல்ல தேர்ச்சியாகத்தான் தெரிந்தது. நாமக்கோழியைப் பார்க்க அவ்வளவு நேரம் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். மாமா ஒரு காலத்தில் நடைப்பந்தய வீரர். ஓட்டப்பந்தயம் எல்லோருக்கும் தெரியும். நடைப்பந்தயம் என்று ஒன்று உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதில் ஓடக் கூடாது. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். முன்கால் ஊன்றும்போது முட்டி மடங்கக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால் இடுப்பைச் சுழற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இரண்டு காலும் ஒரு கணம் அந்தரத்தில் இருந்துவிட்டால் அதற்குத் 'தூக்குவது' என்று பெயர். பாதையோரம் நிற்கிற நடுவர்கள் மூன்று பேர் அப்படிச் சொல்லிச் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நடையால்தான் மாமாவுக்கு ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. மின்சார ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கிற தாம்பரம் கார் ஷெட்டில் ஃபிட்டர். அந்த வேலையால்தான் என் அக்கா கிடைத்தாள். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு மின்வாரியத்துக்கு மனு போட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறவனுக்கு மாமா ஒரு வேலை கொடுத்தார். விடியற்காலையில் அவர் இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை நடப்பார். நான் சைக்கிளில் கூடவே போக வேண்டும். ஹேண்டில்பாரில் குளுக்கோஸ் தண்ணீர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச். அதைவிட முக்கியமான வேலை, அவர் காலைப் பார்த்துக்கொண்டே வருவது. தூக்கினால் உடனே சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்த ரோட்டைக் கடக்கவே குலதெய்வத்தை வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்று இரண்டு பக்கமும் புளியமரங்கள். பெருங்களத்தூர் தாண்டினால் எப்போதாவது ஒரு லாரி. தண்டவாளத்தில் மீட்டர்கேஜ் வண்டி ஒன்று செங்கல்பட்டிலிருந்து வரும். அதில் தொங்கிக்கொண்டு வருகிற பால்காரர்கள் மாமாவைப் பார்த்து விசிலடிப்பார்கள். 'இடுப்பாட்டி' என்றே அவருக்கு அந்த வழியில் பெயர். வண்டலூர் நெருங்கும்போது மிருகக்காட்சி சாலைச் சிங்கம் சில நாள் உறுமும். அந்தச் சத்தத்துக்கு நான்தான் பெடலை வேகமாக மிதிப்பேன். மாமாவின் நடை மாறாது. டக், டக், டக் என்று குதிகால் தாரில் விழுகிற அந்தச் சத்தம் இப்போதும் தூக்கத்தில் எனக்குக் கேட்பதுண்டு. அவர் முகத்தைவிட அவர் காலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்றால் மிகையில்லை. அந்த விடியற்காலைகளில் இருந்ததுபோல் நான் அப்புறம் சந்தோஷமாக இருந்ததில்லை.

முடித்ததும் அவர் என்னிடம் நேரம் கேட்க மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தூக்குச்சா மச்சான்?"

பெரம்பூர் மைதானத்தில் ஒரு பந்தயம். மாமா முதலில் போய்க்கொண்டிருந்தார், கடைசிச் சுற்றில் வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் என்றால் நடுவரின் குடும்பத்தையே இழுத்திருப்பார்கள். இவர் ஓரமாக வந்து துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தூக்குனேன் மச்சான். எனக்கே தெரிஞ்சிது" என்றார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

அக்கா ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. "எம் புருஷன் ஊர் முன்னாடி இடுப்பாட்டறத நான் வேற வந்து பாக்கணுமா" என்பாள். ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கக் குழாயடியில் அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அவர் கழற்றிப் போட்ட பனியனை நனைப்பதற்கு முன் அப்படியே ஒரு முறை பிழிந்து பார்ப்பாள். வேர்வை ஒழுகினால், "இன்னிக்கு ஒழுங்கா நடந்துகீற". ஒழுகாவிட்டால், "இன்னா, இவன்கூட டீக்கடைல குந்திகினு வந்துட்டியா?" என் ஸ்டாப்வாட்ச்சும் அவள் கையும் ஒரு நாள்கூட முரண்பட்டதில்லை.

போன வருஷம் ஆடி மாதத்தில் மாமாவுக்கு மாரடைப்பு. கியாஸ் என்று நினைத்து அவர் சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டதில் நேரம் போய்விட்டது. ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் இதயம் பழையபடி சுருங்கவில்லை. மாத்திரைகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாகிவிட்டது. இனி மாற்று இதயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றார்கள். அக்கா அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்னொருத்தர் செத்தால்தான் தன் புருஷன் பிழைப்பான் என்கிற ஏற்பாட்டுக்கு எந்த சாமியிடம் எப்படி வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கோவிலம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்கிறது என்று தெரிந்து போனோம். டாக்டர் ஹரிபிரசாத் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார்.

"ஹார்ட்டோட முன்பக்கச் சுவர்ல ஒரு பகுதி செத்துப்போய்த் தழும்பாயிடுச்சு சார். தசைன்னா சுருங்கும், விரியும். தழும்பு சும்மா இருக்கும். செத்துப்போன ஹார்ட் தசை தானா திரும்ப வளராது. அதனால உங்க எலும்பு மஜ்ஜைல இருந்தே ஸ்டெம் செல் எடுத்து, லேப்ல பிரிச்சு, ஒரு மெல்லிய ட்யூப் வழியா அந்தத் தழும்போட ஓரத்துல போடறோம்."

"அது உள்ள பூந்து புதுசா சதை வளத்துடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சாங்கம்மா. இப்ப யாரும் அவ்வளவு சொல்றதில்ல. ஓரத்துல அரை உயிரா இருக்கற தசையத் தேத்திவிடும், புது ரத்தக்குழாய் வர உதவும்னு நம்பறோம். நம்பறோம், ப்ராமிஸ் பண்ணல. இன்னொண்ணு, இது ஆராய்ச்சி. பாதிப் பேருக்குத்தான் செல் போடுவோம், மீதிப் பேருக்கு உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மஜ்ஜை எங்கேர்ந்து எடுப்பீங்க சார்?"

"இடுப்பெலும்புல இருந்து."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். மாரடைப்புக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் சிரித்தேன். எத்தனை விசில், எத்தனை கேலி வாங்கிய இடுப்பு. அக்கா மட்டும், "இதுல இன்னாய்யா சிரிப்பு வேண்டிக்கெடக்கு" என்று அவர் தொடையில் இடித்தாள்.

சேர்வதற்கு முன்னால் பல பரிசோதனைகள். கடைசியாக ஒன்று, ஆறு நிமிட நடை. வராந்தாவில் இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஆறு நிமிடம் முடிந்தவரை நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். சாதாரணப் பரிசோதனைதான். அக்காவின் மனசில் பயத்தை விதைத்தது கேன்டீனில் எங்கள் எதிரே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அன்பு என்கிற ஆள்.

"எங்கப்பாவும் இதுக்குத்தாங்க வந்தாரு. நடக்கச் சொன்னா வீம்புக்கு விறுவிறுன்னு நடந்துட்டாரு. நானூறு மீட்டருக்கு மேல போயிட்டாரு, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, இந்த ஆராய்ச்சிக்கு ஆகாதுன்னு அனுப்பிட்டாங்க. மனுஷன் இப்ப வீட்ல உக்காந்துகினு பேஜார் பண்றாரு."

அக்காவின் கையில் இருந்த வடை அப்படியே நின்றது. ஊரில் எவனை வேண்டுமானாலும் மெதுவாக நடக்க வைத்துவிடலாம். ஆனால், தன் புருஷனை? தூரத்தை அளக்கிறோம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று ராத்திரி அவள் அழுதாள், கெஞ்சினாள், தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாள். கடைசியில் மாமா, "சரி, நடக்கறேன். மெதுவாவே நடக்கறேன்" என்றார். எனக்கு ஆச்சரியம். தூக்கினேன் என்று தானே சொல்லிவிட்டு வெளியே வந்தவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கு உறுத்தியது. சரி, உயிர்மேல் ஆசை யாருக்கு இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். ஏரிக்கரைப் பயிற்சி அப்படித்தான் ஆரம்பித்தது.

பரிசோதனை நாளன்று நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். நீளமான ஏ.சி. வராந்தா, பளபளவென்று தரை. இரண்டு முனையிலும் ஆரஞ்சு கூம்பு. ஸ்நேகா என்கிற பெண்தான் அங்கே பொறுப்பு. மாமாவின் விரலில் நாடித்துடிப்பு பார்க்கிற கிளிப்பை மாட்டிவிட்டு விதிகளைச் சொன்னாள். ஓடக் கூடாது, மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், முடிந்தபோது மறுபடி நடக்கலாம். "உங்களால எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நடக்கணும் சார். அதான் முக்கியம்."

"ஓடக் கூடாது" என்று மாமா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அக்காவும் நானும் சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மாமா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி இரட்டை முடிச்சாகப் போட்டார். நிமிர்ந்து கோட்டில் நின்றார். பிறகு வலது குதிகாலைத் தரையில் இரண்டு முறை தேய்த்தார்.

ஒவ்வொரு பந்தயத்திலும் துப்பாக்கி வெடிப்பதற்கு முன் அவர் செய்கிற காரியம் அது. மனுஷன் மெதுவாக நடக்கப் போவதில்லை. பந்தயம் நடக்கப் போகிறார். அக்காவிடம் கொடுத்த வாக்கு, டாக்டர், மஜ்ஜை எல்லாவற்றையும் இந்த வராந்தாவிலேயே கொட்டிக் கவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பிடித்து நிறுத்திவிடலாமா என்றுகூட இருந்தது.

"ஸ்டார்ட் சார்."

கிளம்பினார். முழங்கை மடிந்து முஷ்டி மார்புக்கு வந்தது. இடுப்பு சுழன்றது. குதிகால் விழுந்தது. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள். "பாரு சுகு, பாருடா இந்த மனுசன. வெளங்குமா? சொல்லிச் சொல்லிக் கூட்டியாந்தேனே." முதல் கூம்பைத் திரும்பினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது திருப்பத்தில் வேகம் குறைந்தது. மூன்றாவதில் இன்னும் குறைந்தது. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள், அவள் பிடி தளர்ந்தது. "ஆங்... நடிக்கிறாரு பாரு" என்று காதில் கிசுகிசுத்தாள். "மொதல்ல வேகமா போயி, அப்பால கொறைக்கிறாரு. சந்தேகம் வரக் கூடாதுன்னு. கள்ளப்பயடா உங்க மாமா."

பழக்கதோஷம், நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாக நடக்கிறவன் கால் எப்படி விழும் என்று எல்லோருக்கும் தெரியும். பாதம் முழுசாக விழும், முட்டி தளர்ந்திருக்கும், கை தொங்கும். மாமாவின் குதிகால் முதலில் விழுந்தது. முட்டி கம்பிபோல் நிமிர்ந்திருந்தது. பின்கால் கட்டைவிரல்வரை தரையை உந்தித் தள்ளியது. வண்டலூர் மேட்டில் கடைசி மைலுக்கு அவர் எப்படித் தள்ளுவாரோ அப்படி. அதே நடை, கொஞ்சமும் குறையாத அதே நடை. ஆனால் தரைதான் நகரவில்லை. எங்களைத் தாண்டி குளுக்கோஸ் பாட்டில் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போன ஒரு நோயாளி அவரை முந்திக்கொண்டு போனார்.

நடுவில் ஒரு முறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். ஏரிக்கரையில் நாமக்கோழி பார்த்துக்கொண்டு நின்ற அதே நிற்றல். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னது ஏன் என்றும் புரிந்தது. மெதுவாக நடப்பதற்கு அவர் ஒரு பாசாங்கும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"நல்லா பண்றீங்க சார். இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று ஸ்நேகா படித்து வைத்ததைப்போல் சொன்னாள். மாமா சுவரை விட்டார். உதட்டின் இடது ஓரம் உள்ளே மடிந்துகொண்டது. முன்னால் போகிறவனைப் பிடிக்கப் போகும்போது அவருக்கு வருகிற முகம் அது. முன்னால் யாருமே இல்லை. மறுபடி குதிகால், மறுபடி முட்டி. நான் என்னை அறியாமல் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தேன். போ மாமா, போ மாமா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் வேகமாகப் போய்விட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று சற்று முன்னால் பயந்தவனும் நான்தான்.

ஸ்நேகா நிற்கச் சொன்னாள். நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தாள். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு அட்டையைக் காட்டி எண் கேட்டாள். அவரால் பேச முடியவில்லை, விரலால் தொட்டுக் காட்டினார். தூரத்தை அளந்து எழுதிக்கொண்டாள். முந்நூறு மீட்டர்கூட இல்லை. "ஓகே சார். இதுல நீங்க எலிஜிபிள்தான். டாக்டர் பாத்துட்டு சாயங்காலம் ஃபோன் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாமா தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் குனிந்தேன். காற்றுக்கு நடுவே சொல் ஒவ்வொன்றாக வந்தது.

"தூக்குச்சா... மச்சான்?"

"இல்ல மாமா" என்றேன். "சுத்தமா இருந்துச்சி. ஒரு எடத்துலகூடத் தூக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அக்காவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. சிரித்த முகமாக வந்தாள். "யப்பா, இன்னா நடிப்பு! இத்தினி நாளு கார் ஷெட்ல எதுக்கு குப்ப கொட்டின, சினிமாவுக்குப் போயிருக்கலாமே" என்று அவர் முதுகில் தட்டினாள்.

தட்டிய கை அங்கேயே நின்றது. அந்த வராந்தாவில் எங்களுக்கெல்லாம் குளிர் நடுக்கிக்கொண்டிருந்தது. மாமாவின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா சட்டையைக் கொத்தாகக் கொஞ்சம் பிடித்தாள், பிடித்தபடியே விரலை இறுக்கினாள். பிறகு விட்டாள். உள்ளங்கையைத் தன் புடவையில் துடைக்கவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு மட்டும் முகத்தில் மறந்துபோய்க் கிடந்தது.

"நல்லா நடிச்ச" என்றாள் இன்னொரு முறை. குரல் வேறாக இருந்தது.

திரும்பும்போது அக்கா காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். மேடவாக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"மச்சான், நான் வேணும்னுட்டு மெதுவா நடந்தேன்னே இருக்கட்டும். அவ நிம்மதியா இருப்பா."

"சரி மாமா" என்றேன். முன்சீட்டில் அக்காவின் தலை அசையவே இல்லை.

சாயங்காலம் ஸ்நேகா ஃபோன் செய்தாள். சேர்த்துக்கொண்டாகிவிட்டது, வியாழக்கிழமை வந்தால் மஜ்ஜை எடுத்துவிடலாம் என்றாள். மாமா ஃபோனை வாங்கி, "எந்தப் பக்கத்து இடுப்பும்மா?" என்று கேட்டார். தேவைப்பட்டால் இரண்டு பக்கமும் எடுப்பார்கள் என்றாள் போலிருக்கிறது. "எட்த்துக்கம்மா, எட்த்துக்க. ரெண்டுமே நல்லா நடந்த இடுப்பு" என்றார். அவருக்குக் கிடைக்கப் போவது அந்த செல்லா, உப்புத் தண்ணீரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் டி.வி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் டீ கேட்கலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது, அவர்கள் பையன் வாங்கிக் கொடுத்தது. அக்கா அதைத் தொடாமல் குழாயடியில் குந்தி மாமாவின் சட்டையைக் கையால் அலசிக்கொண்டிருந்தாள். கடைசித் தண்ணீரிலிருந்து தூக்கி, பிழிவதற்காக இரண்டு கையாலும் சேர்த்து முறுக்கப் போனாள். முறுக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உதறாமல், பிழியாமல், ஈரத்தோடு கொண்டுபோய்க் கொடியில் போட்டாள்.

"பிழியலியாக்கா?"

"வேணாம். காத்து கீது, அதுவா காயும்."

பக்கத்து வீட்டுத் தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. சட்டையின் நுனியிலிருந்து தண்ணீர் சிமென்ட் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.